ஆபீசில் 3 நாள், வீட்டில் 2 நாள்: உழைத்த நேரத்துக்கு யார் கணக்கு?

கேட்டில் கார்டு காட்டினால் நேரம் பதிவாகிறது. வீட்டில் ராத்திரி 11 மணி வரை விளக்கு எரிந்தாலும் எழுதி வைக்க ஆள் இல்லை!

சென்னை:

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. இப்படி வேலை பார்க்கிறவர்கள் சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. கம்பெனிக்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா, இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியர், பாரிமுனைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவர் என்று பல தரப்பினரும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

இவர்களில் ஒருவரைப் பிடித்து, "போன வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் சார் வேலை பாத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆள் மோட்டுவளையைப் பார்ப்பார். "எட்டெட்டு மணி நேரம்... இல்ல, கொஞ்சம் கூடவே இருக்கும்" என்று இழுப்பார். திட்டமாகச் சொல்ல முடியாது.

வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சம்பளம், ஓவர்டைம், லீவு, பதவி உயர்வு எல்லாமே இந்தக் கணக்கில்தான் தொங்குகின்றன.

எப்போது வந்தது இந்த வழக்கம்?

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆபீஸ்கள் மூடப்பட்டன. லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் சாப்பாட்டு மேஜையையே ஆபீஸ் மேஜை ஆக்கினார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை தன் விதிகளைத் தளர்த்தியது. கால் சென்டர் மாதிரியான கம்பெனிகளின் ஊழியர்கள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க வழி பிறந்தது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கும் இதற்கென்று தனி விதி வந்தது.

கொரோனா ஓய்ந்தது. கம்பெனிகள் "ஆபீசுக்கு வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தன. ஊழியர்களோ வீட்டு வசதியை விட மனம் இல்லாமல் இழுத்தார்கள். கடைசியில் பல இடங்களில் பாதிக்குப் பாதி என்று சமரசம் ஆயிற்று.

இங்கேதான் சிக்கல். ஆபீசுக்கு வரும் நாட்களைக் கம்பெனிகள் ஒன்று விடாமல் எண்ணுகின்றன. பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்று 2024-ம் ஆண்டில் காலாண்டு ஊக்கத் தொகையையே வருகைப் பதிவோடு முடிச்சுப் போட்டது. வருகை 60 சதவிகிதத்துக்குக் கீழே போனால் அந்தத் தொகை கிடையாது!

வீட்டில் இருந்து பார்த்த வேலையை யார் எண்ணுவது? அதற்குப் பல இடங்களில் பதில் இல்லை.

ஒரே வாரம், மூன்று கணக்கு!

ஓர் உதாரணத்துக்கு, மயிலாப்பூரில் குடியிருக்கும் ஒரு பெண் ஊழியரை எடுத்துக் கொள்வோம். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரெயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி ஆபீஸ் போகிறார். திங்கள், செவ்வாய், வியாழன் ஆபீஸ். புதனும் வெள்ளியும் வீடு.

ஆபீஸ் நாளில் காலை 9.30-க்கு கேட்டில் கார்டு காட்டுகிறார். மாலை 6.30-க்கு வெளியே வருகிறார். கேட் கணக்குப்படி 9 மணி நேரம். இதில் சாப்பாட்டுக்கு 45 நிமிடம், இரண்டு தடவை டீக்குப் போனது அரை மணி நேரம். கழித்தால் வேலை பார்த்தது 7 மணி 45 நிமிடம்.

வீட்டு நாளில் 9 மணிக்கே லேப்டாப் திறந்து விடுகிறது. ரெயில் பிடிக்கிற அவசரம் இல்லையே! நடுவில் சாப்பாடு 45 நிமிடம், பள்ளிக்கூடத்தில் இருந்து பையனை அழைத்து வர அரை மணி, காஸ் சிலிண்டர்காரர் வந்த வகையில் ஒரு கால் மணி. சாயங்காலம் 6 மணிக்கு மூடி வைக்கிறார். நிகர வேலை 7½ மணி நேரம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரவு 8 மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு போன் மீட்டிங். 9.15 வரை போகிறது. பாத்திரம் கழுவி, பையனைத் தூங்க வைத்து நிமிர்ந்தால் 10.15-க்கு "அர்ஜென்ட்" என்று ஒரு மெயில். பதில் எழுதி முடிக்க 10.45. ஆக மொத்தம் 9 மணி 15 நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாதக் கடைசி ரிப்போர்ட் என்று ஒன்றரை மணி நேரம். அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இப்போது வாரக் கணக்கைப் பாருங்கள்.

கேட் கார்டு சொல்வது: மூன்று நாளும் சேர்த்து 27 மணி நேரம்.

கம்பெனி டைம்ஷீட் சொல்வது: நாளுக்கு எட்டு என்று தானாகவே நிரம்பிய 40 மணி நேரம்.

உண்மையில் பார்த்தது: ஆபீசில் 23 மணி 15 நிமிடம், வீட்டில் 18 மணி 30 நிமிடம், ஞாயிறு ஒன்றரை மணி. கூட்டினால் 43 மணி 15 நிமிடம்.

டைம்ஷீட்டுக்கும் உண்மைக்கும் வித்தியாசம் வாரத்துக்கு 3 மணி 15 நிமிடம். நான்கு வாரத்துக்கு 13 மணி நேரம். மாதத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் சம்பளம் இல்லாத வேலை! அந்த அம்மாவைக் கேட்டால், "வீட்லதானே இருந்தேன், என்ன பெரிசா பண்ணிட்டேன்" என்பார்.

எங்கே ஒழுகுகிறது?

நேரம் காணாமல் போகும் ஓட்டைகள் நாலைந்துதான். எல்லா வீட்டிலும் அதே ஓட்டைகள்.

முதல் ஓட்டை, ராத்திரி மீட்டிங். நியூயார்க்கில் காலை 9.30 என்றால் சென்னையில் கோடைக் காலத்தில் இரவு 7 மணி. அவர்கள் ஊரில் குளிர்காலம் வந்து கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் நமக்கு இரவு 8 மணி. அவர்கள் காபி குடித்துவிட்டு உட்காரும்போது நம்ம ஆள் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருகிறார்.

இரண்டாவது, கைப்போன். லேப்டாப் மூடி விட்டால் வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொள்கிறது. போனில் பார்த்த மெயிலும், வாட்ஸ்அப்பில் தட்டிய பதிலும் அதன் கண்ணில் படுவது இல்லை.

மூன்றாவது, பயணம். வீட்டில் இருந்து ஆபீஸ் போகும் நேரம் வேலை நேரம் ஆகாது. அதில் தகராறு இல்லை. ஆனால் ரெயிலில் தொங்கிக் கொண்டே மானேஜருக்குப் பதில் சொன்ன 20 நிமிடம்? அது வேலைதான். யாரும் எழுதி வைப்பது இல்லை.

நான்காவது, கரண்ட் கட், நெட் கட். "சர்வர் வரலை சார்" என்று ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் காத்துக் கிடப்பார். ஆபீசில் அப்படிக் காத்திருந்தால் அது வேலை நேரம். வீட்டில் காத்திருந்தால் ஓய்வாம்! பல இடங்களில் அந்த நேரத்தை ராத்திரி உட்கார்ந்து ஈடு கட்டுகிறார்கள்.

ஐந்தாவது ஓட்டை தலைகீழானது. வீட்டு வேலையும் ஆபீஸ் வேலை நேரத்துக்குள் நுழைகிறது. மார்க்கெட், குழாய்த் தண்ணீர், மாமியாருக்கு மருந்து. இதைக் கழிக்காமல் "காலை 9 முதல் ராத்திரி 11 வரை வேலை" என்று சொன்னால் எந்த மானேஜரும் நம்ப மாட்டார். நம்பவும் கூடாது.

கடைக் கணக்கு எழுதுகிறவர் கதை

ஐ.டி.யை விடுங்கள். பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக் கொள்வோம். பகுதி நேரமாகக் கணக்கு எழுத ஒருவர் வருகிறார். தினமும் 10 மணி முதல் 1 மணி வரை என்று பேச்சு. மாதத்தில் 24 நாள். 72 மணி நேரத்துக்குச் சம்பளம் பேசியாகி விட்டது.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாதத்தில் இரண்டு தேதிகள் அவருக்குக் கண்டம். மாதா மாதம் கணக்குக் கொடுக்கும் கடை என்றால் விற்பனை விவரத்தை 11-ந் தேதிக்குள் ஏற்ற வேண்டும். வரி கட்டும் படிவத்துக்குக் கெடு 20-ந் தேதி. முதல் தேதிக்கு முன்னால் மூன்று ராத்திரி, இரண்டாவது தேதிக்கு முன்னால் நான்கு ராத்திரி, ஆளுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால்தான் சாப்பாடு. ராத்திரிக்கு இரண்டு மணி வீதம் 14 மணி நேரம்.

இது போதாது என்று முதலாளி பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "வீட்லதானே இருக்கீங்க சார், ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லுங்க!" நாளைக்குக் கால் மணி நேரம் என்றாலும் 24 நாளைக்கு 6 மணி நேரம்.

ஆக 72 மணிக்குப் பேசின சம்பளம் 92 மணிக்குப் போய்ச் சேருகிறது. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். வீட்டு 20 மணி நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும்!

பச்சைப் புள்ளி வித்தை

நேரத்தைக் கணக்கெடுக்க மெஷின் இல்லாமல் இல்லை. கேட் கார்டு இருக்கிறது. கம்பெனி நெட்வொர்க்கில் எப்போது நுழைந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள் என்ற பதிவு இருக்கிறது. மவுஸ் அசைகிறதா, தட்டச்சு நடக்கிறதா என்று வேவு பார்க்கும் சாப்ட்வேர்கூட வந்து விட்டது.

மீட்டிங்குக்குப் பயன்படும் மைக்ரோசாப்ட் டீம்சில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஐந்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டால் மஞ்சள் ஆகி விடும். பேப்பரில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாலும் மஞ்சள்தான்! அதற்குப் பயந்து சிலர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மவுசை ஆட்டி விட்டுப் போகிறார்கள்.

மவுசைத் தானாகவே ஆட்டுகிற கருவியும் மார்க்கெட்டில் கிடைக்கிறது. மெஷினை மெஷின் ஏமாற்றுகிறது! அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ வங்கி, வேலை பார்ப்பது போலக் கம்ப்யூட்டரில் பாவனை காட்டியதாகப் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. இது 2024-ம் ஆண்டில் வெளிவந்த சேதி.

ஆபீஸ் பக்கத்திலும் வித்தை உண்டு. காலையில் வந்து கார்டு காட்டி, ஒரு காபி குடித்து, நாலு பேரைப் பார்த்து விட்டு வீட்டுக்குத் திரும்பி விடுவது. இதற்கு "காபி பேட்ஜிங்" என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

மெஷினை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதெல்லாம் சாட்சி. ஆள் இருந்தாரா என்பதை மெஷின் சொல்லும். வேலை பார்த்தாரா என்பது அதற்குத் தெரியாது.

சங்கு ஊதிய ஊர்

வேலை நேரச் சண்டை சென்னைக்குப் புதிது இல்லை. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் மில்லில் சங்கு ஊதினால் வேலை ஆரம்பம், சங்கு ஊதினால் முடிவு. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அந்தத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது! பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் அதற்காகக் குரல் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1919-ல், சர்வதேச தொழிலாளர் நிறுவனம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஒப்பந்தம் போட்டது. இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி என்று அதில் தனி விதி! 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் பேசிய 90 மணி நேரப் பேச்சு நாடு முழுக்க அடிபட்டது. எழுபதா, தொண்ணூறா என்று ஊரே வாதம் செய்தது. தான் இப்போது எத்தனை மணி நேரம் பார்க்கிறோம் என்று கணக்கு வைத்திருப்பவர் அதில் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது?

கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்.

நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். மயிலாப்பூர் உதாரணத்தில் வீட்டு நாள் காலை 9 மணிக்கு ஆரம்பித்து இரவு 10.45-க்கு முடிகிறது. 13 மணி 45 நிமிடம்! நடுவில் எவ்வளவு ஓய்வு இருந்தாலும், வேலை அவ்வளவு நேரத்துக்குப் பரவி விட்டது. கேட் இருக்கும் ஆபீசில் இப்படி நடந்தால் கண்ணில் படும். வீட்டில் நடந்தால் ஊருக்குத் தெரியாது.

விலக்குகளும் உண்டு. மேலாண்மைப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அரசு உத்தரவு மூலம் சில நிறுவனங்களுக்கு விலக்குத் தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே, தான் எந்த வகையில் வருகிறோம் என்று நியமன உத்தரவைப் படித்துப் பார்ப்பது நல்லது. "மானேஜர்" என்று பெயர்ப் பலகை மாட்டினால் மட்டும் மேலாண்மை ஆகி விடாது. பார்க்கிற வேலை என்ன என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. இது 1947-ல் எழுதிய சட்டம். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும் ஆசாமியை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே தகராறு என்று வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை மணி நேரம்? என்ன அத்தாட்சி?" என்பதாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டில் இதற்கு நேரடியாகவே வழி செய்கிறார்கள். ஸ்பெயினில் 2019 மே மாதம் முதல் ஒவ்வொரு ஊழியரும் வேலை ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் தினமும் பதிவு செய்து நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதே மாதம் ஐரோப்பிய நீதிமன்றமும், நேரத்தை நம்பகமாக அளக்கும் ஏற்பாடு முதலாளியின் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரம் முடிந்த பிறகு போனைத் தொடாமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு.

இங்கே 2018 டிசம்பரில் எம்.பி. சுப்ரியா சுலே இதே மாதிரி தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் கொண்டு வந்தார். அது சட்டம் ஆகவில்லை.

நோட்டு எழுதுவது எப்படி?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை சொந்த நோட்டுதான் துணை. பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, இடம், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், கழிக்க வேண்டியது, மறுபடி உட்கார்ந்த நேரம், மொத்தம். இடத்துக்கு "ஆ" என்றால் ஆபீஸ், "வீ" என்றால் வீடு. மயிலாப்பூர்க்காரரின் புதன்கிழமை இப்படி இருக்கும்:

"புதன். வீ. 9.00 முதல் 6.00. கழிவு 1.30. இரவு 8.00 முதல் 9.15 மீட்டிங், 10.15 முதல் 10.45 மெயில். மொத்தம் 9.15."

அவ்வளவுதான். எழுதும்போது சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைத்து எழுதினால் அது கணக்கு ஆகாது, கற்பனை.

கேட் நேரம் வேறு, வேலை நேரம் வேறு. ஆபீஸ் நாளில் இரண்டையும் எழுதுங்கள். கேட் நேரத்தையே வேலை நேரம் என்று ஆபீஸ் நாளுக்குப் போட்டு, வீட்டு நாளுக்கு மட்டும் சாப்பாட்டைக் கழித்தால் இரண்டையும் கூட்டவே முடியாது. அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

நிமிடத்துக்கு நிமிடம் அலைய வேண்டாம். கால் மணி நேரத்துக்கு ஒரு கணக்காகப் போட்டால் போதும். ஆனால் வேலையைக் கூட்டிப் போடுகிற மாதிரியே ஓய்வையும் கூட்டிப் போடுங்கள்.

சொந்த வேலைக்குப் போன நேரத்தை ஒளிக்காதீர்கள். மயிலாப்பூர்க் கணக்கில் ஆபீஸ் நாளுக்குக் கால் மணி நேரம் எட்டுக்குக் குறைகிறது. அதையும் எழுத வேண்டும். தனக்குப் பாதகமானதையும் எழுதி இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மீதியை நம்புவார்கள்.

ராத்திரி வேலை என்றால் யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று இரண்டு வார்த்தை சேருங்கள். தானாகப் பார்த்த வேலை வேறு, சொல்லிப் பார்த்த வேலை வேறு. ஓவர்டைம் கேட்கும்போது இந்த வித்தியாசம்தான் பேசும்.

நெட் போனால், கரண்ட் போனால், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி, அப்போதே மேலதிகாரிக்கு ஒரு வரி தகவல் கொடுத்து விடுங்கள்.

கம்பெனி ரகசியம் எதையும் நோட்டில் எழுத வேண்டாம். வாடிக்கையாளர் பெயர், பணத் தொகை, ஸ்கிரீனைப் போட்டோ எடுப்பது இதெல்லாம் வேறு வம்பில் மாட்டி விடும். நேரம் மட்டும் போதும்.

வெள்ளிக்கிழமை ஒரு மெயில்

நோட்டு பீரோவுக்குள் இருந்தால் பாதிப் பலன்தான். வாரம் முடிந்ததும் மேலதிகாரிக்கு நாலு வரி மெயில் போடுவது மீதிப் பாதி. "ஐயா, இந்த வாரம் ஆபீசில் இவ்வளவு, வீட்டில் இவ்வளவு, இரவு மீட்டிங் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. தங்கள் பார்வைக்கு." சண்டை போடுகிற தொனி வேண்டாம். தகவல் போதும்.

இதில் இரண்டு லாபம். முதலாவது, தேதி போட்ட சாட்சி உருவாகிறது. ஆறு மாதம் கழித்து "நீங்க சொல்லவே இல்லையே" என்று யாரும் கை விரிக்க முடியாது. இரண்டாவது, பல மானேஜர்களுக்கே இந்த விஷயம் தெரியாது. இரவு மீட்டிங் வாரத்தில் இரண்டு என்று எழுத்தில் பார்த்தால், "சரிம்மா, மறுநாள் பதினொரு மணிக்கு ஆரம்பிங்க" என்று சொல்லக் கூடியவர்களும் இருக்கிறார்கள். ஓவர்டைம் கிடைக்காத இடத்தில் அந்த இரண்டு மணி நேரம் பெரிய காசு.

அப்படியும் வழிக்கு வராவிட்டால்? கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கு எழுதலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறை இருக்கிறது. அதன் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. எங்கே போனாலும் கையில் காகிதம் வேண்டும். வாயால் சொல்வது அங்கே எடுபடாது.

முதலாளிக்கும் நல்லதுதான்

கணக்கு எழுதினால் ஊழியருக்கு மட்டும்தான் லாபம் என்று முதலாளிகள் நினைக்க வேண்டியது இல்லை. "வீட்டில் உட்கார்ந்து தூங்குகிறானோ" என்ற சந்தேகம் அவர்களுக்கும் தலைவலிதான். வேவு சாப்ட்வேர் வாங்கும் செலவை விட நாலு வரி மெயில் மலிவு.

பாரிமுனைக் கடைக்காரருக்கு வழி இன்னும் சுலபம். கடையில் இருக்கும் 72 மணி நேரத்துக்கு ஒரு சம்பளம், ஜி.எஸ்.டி. வேலைக்குத் தனியாக மாதம் இவ்வளவு என்று முன்னாலேயே பேசி விடலாம். வாட்ஸ்அப் பில்களை அப்போதைக்கப்போது அனுப்பாமல், மறுநாள் காலை கடைக்கு வரும்போது கட்டாகக் கொடுத்து விடலாம். கணக்கு எழுதுகிறவர் ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவார். தப்பில்லாமலும் எழுதுவார். தப்பாக ஏற்றிய ஒரு பில்லுக்குப் பிறகு நோட்டீஸ் வந்தால், ஓடுவது முதலாளிதானே!

முதல் வேலை என்ன என்று கேட்டால், பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். நாளைக் காலை உட்காரும்போது மணி பார்த்து ஒரு வரி. ராத்திரி கடைசியாக போனைக் கீழே வைக்கும்போது இன்னொரு வரி. இரண்டு நிமிட வேலை. ஒரு மாதம் விடாமல் எழுதி, சம்பளச் சீட்டு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓவர்டைம் கேட்பதா, இரவு மீட்டிங்கை மாற்றச் சொல்வதா, சும்மா இருப்பதா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.